பழைய படச்சட்டத்தில் கரும்பலகை: கடற்கரை வீடுகளுக்கான கேள்வி பதில்

பழைய மரச்சட்டம் ஒன்றை எடுத்து, உள்ளே கரும்பலகை பொருத்திச் சுவரில் மாட்டுவது யாரும் செய்யக்கூடிய வேலை. செய்முறைகளும் நிறையவே கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உப்புக்காற்று அறியாத ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நீளும் நம் இராமநாதபுரம் மாவட்டக் கரையில் அவற்றை அப்படியே பின்பற்றினால், ஐப்பசி மழை வந்ததும் பெயின்ட் கொப்புளம் விடும், ஆணி துருவேறிச் சுவரில் வடியும், பலகை வளையும். மண்டபத்தில் இந்த வேலையைச் செய்துவருகிறேன். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பழைய சட்டம் எங்கே கிடைக்கும்?

முதலில் படம் பிரேம் போடும் கடையில் கேளுங்கள். பழைய படத்துக்குப் புதுச் சட்டம் போடக் கொடுப்பவர்கள் பழைய சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது அரிது. அது கடையின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும். அடுத்தது பழைய இரும்பு, பேப்பர் எடைக்கு வாங்கும் கடைகள். மூன்றாவது, பழைய வீடு இடிக்கும் இடம். கீழக்கரை போன்ற ஊர்களில் பழைய பெரிய வீடுகளை இடிக்கும்போது கதவு, நிலை, ஜன்னல்களோடு சட்டங்களும் வெளியே வருகின்றன. சற்றுச் செலவு செய்யலாம் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழம்பொருள்கள் அங்கே வரிசையாகக் கடைகளில் இருக்கின்றன. கரும்பலகைக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கையில் தூக்கிப் பாருங்கள். தேக்குச் சட்டம் அதன் அளவுக்கு மீறிக் கனக்கும். நான்கு மூலைகளையும் இரு கைகளால் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். மூலை லேசாக அசைந்தால் கவலையில்லை, பசை வைத்துச் சரிசெய்யலாம். பிறகு சட்டத்தைத் திருப்பி முதுகைப் பாருங்கள். முன்பக்கம் பாலிஷில் மறைந்திருப்பதெல்லாம் முதுகில் தெரியும். குண்டூசித் துளைகள், தட்டினால் கொட்டும் மாவு போன்ற தூள், விரலால் அழுத்தினால் அமுங்கும் இடம் இருந்தால் மரம் உளுத்துவிட்டது. துளைகள் ஓரிரண்டுதான் என்றால் பூச்சிக்கொல்லி மருந்து ஏற்றி லப்பம் வைக்கலாம். ஒரு பக்கம் முழுக்கத் துளையாக இருந்தால் வேண்டாம். அந்தப் பூச்சி உங்கள் வீட்டு அலமாரிக்கும் வரும்.

தங்க நிறத்தில் மின்னும், எடையே இல்லாத சட்டங்கள் பெரும்பாலும் மரமல்ல, பிளாஸ்டிக் வார்ப்பு. அவற்றின்மேல் தின்னர் பட்டால் உருகிக் குழைந்துவிடும். வாங்கக் கூடாது என்பதில்லை. தண்ணீரில் கரையும் பெயின்ட்டை மட்டும் பயன்படுத்தினால் போதும். உப்புக்காற்று அவற்றை ஒன்றும் செய்யாது என்பதும் ஒரு வசதி.

சட்டத்துக்குள் சாமி படம் இருக்கிறது. என்ன செய்வது?

அவசரப்படாதீர்கள். சாமி படம், தாத்தா பாட்டியின் ஸ்டுடியோ புகைப்படம் இரண்டுக்கும் இதைத்தான் சொல்வேன்.

சாமி படம் என்றால் முதலில் ஓரங்களில் அச்சிட்டிருக்கும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். இரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படங்கள் தமிழ்நாட்டுப் பூசை அறைகளிலும் பரவியிருந்தன. பிற்காலத்தில் கோவில்பட்டியிலிருந்து கொண்டையராஜு வரைந்த படங்கள் நாள்காட்டிகளில் வீடு வீடாக வந்தன. அப்படிப்பட்ட அச்சு ஒன்று கிடைத்தால், கரும்பலகை செய்யும் எண்ணத்தை அந்தச் சட்டத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். படம் அதே சட்டத்தில் இருப்பதுதான் நல்லது. சாதாரண நாள்காட்டிப் படமென்றால் வீட்டுப் பெரியவர்களின் வழக்கப்படி செய்யுங்கள். காகிதத்தை மட்டும் பிரித்துச் செய்யுங்கள். கண்ணாடியோடு கொண்டுபோய் மரத்தடியிலோ கரையிலோ வைத்தால் உடைந்த சில்லு மணலுக்குள் போய்விடும். வலை இழுப்பவர்கள் அந்த மணலில் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.

புகைப்படம் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் பிய்க்கவே கூடாது. நம் ஊர் ஈரத்தில் படத்தின் மேற்படலம் இளகிக் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். பிரித்தால் முகம்தான் முதலில் உரியும். கண்ணாடியோடு சேர்த்தே வைத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய படம் என்று தெரியாவிட்டாலும், விற்ற கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தேடுகிறவர்கள் எங்கோ இருக்கக்கூடும்.

கண்ணாடியின் மேலேயே கரும்பலகை பெயின்ட் அடித்துவிடலாமா?

அடிக்கலாம். கண்ணாடி வளையாது, ஈரம் குடிக்காது, எழுதவும் வழுவழுப்பாக இருக்கும். பெயின்ட் அதன்மேல் பிடித்து நிற்பதுதான் கடினம். ஸ்பிரிட்டால் துடைத்து, நுண்ணிய உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும்வரை தேய்த்து, கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் ஏற்ற பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகே கறுப்புப் பூச வேண்டும். இத்தனையும் செய்தாலும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய மெல்லிய கண்ணாடிமேல் சாக்பீஸ் வைத்து அழுத்தி எழுதச் சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணாடியை எடுத்துவிட்டுப் பலகை பொருத்துங்கள். கழற்றிய கண்ணாடியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வையுங்கள், பிரேம் கடைக்காரர் சின்னப் படங்களுக்கு வெட்டிப் பயன்படுத்திக்கொள்வார்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

உப்பிலிருந்து. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

கடற்கரை வீட்டில் பல ஆண்டு தொங்கிய சட்டத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. இந்தக் கரையில் இரவிலும் விடியலிலும் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். உப்பைக் கழுவாமல் மேலே பெயின்ட் அடித்தால் அது பெயின்ட்டுக்கு அடியில் இருந்துகொண்டு ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் பெயின்ட்டை அடியிலிருந்து தள்ளும். கொப்புளம் வருவது இதனால்தான். மட்டமான பெயின்ட் என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். பெயின்ட்மேல் தவறே இருக்காது.

உப்பு இருக்கிறதா என்று அறிய, கறுப்புத் துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சட்டத்தைத் துடையுங்கள். துணியை நிழலில் காயவிடுங்கள். வெள்ளைத் தடம் தெரிந்தால் உப்பு. சாயங்காலம் சட்டத்தைத் தொடும்போது பிசுபிசுப்பதும் அதன் அடையாளமே.

கழுவும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். வீட்டுக் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் நம் பகுதியில் பல இடங்களில் உவர்ப்பு. அதனால் கழுவினால் ஓர் உப்பை எடுத்து இன்னோர் உப்பை வைப்பதாக ஆகும். குடிக்கும் காவிரித் தண்ணீரில் ஒரு சொம்பு போதும். சேர்த்துவைத்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

சட்டத்தைத் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள். பழைய தச்சர்கள் மூலைகளை வச்சிரம் என்ற விலங்குப் பசையைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். ஊறினால் அது இளகி மூலை பிரியும். துணியை நனைத்து, பிழிந்து, துடைத்து, துணியை அலசி, மறுபடி துடைக்க வேண்டும். முதுகு, உள்விளிம்பு, கண்ணாடி உட்கார்ந்திருந்த பள்ளம் எல்லா இடத்திலும் துடைக்க வேண்டும். பள்ளத்தில்தான் உப்பும் தூசியும் இறுகிக் கிடக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் அதற்கு உதவும். பிறகு நிழலில், காற்றோட்டத்தில், கடலைப் பார்க்காத பக்கத்தில் இரண்டு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் வேகமாகக் காய்ந்து பிளக்கும்.

தங்கத்தாள் அல்லது தங்கப்பொடி பூசிய பழைய சட்டங்களுக்கு இந்த முறை ஆகாது. பூ வேலைப்பாட்டுக்கு அடியில் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அவற்றை மென்மையான காய்ந்த பிரஷால் தூசு தட்டி, உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சட்டத்தின்மேல் புதுப் பெயின்ட்டும் அடிக்க வேண்டாம். அதன் பழமைதான் அதன் அழகு.

பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டுமா?

உரிந்துகொண்டிருந்தால் எடுக்க வேண்டும். எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் அதிகமாகவே இருக்கலாம். ஆகவே காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் கடையில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். முகத்தில் முகமூடி வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது. கீழே செய்தித்தாள் விரித்து, வேலை முடிந்ததும் அப்படியே சுருட்டிக் குப்பையில் போடுங்கள். துடைப்பத்தால் கூட்ட வேண்டாம்.

பாலிஷ் மட்டும் போட்ட தேக்குச் சட்டமென்றால் சுரண்டவே தேவையில்லை. துடைத்துக் காய்ந்ததும் ஒரு கை (ஒரு பூச்சு) வார்னிஷ் போதும். அருமையான தேக்கின்மேல் வெள்ளைப் பெயின்ட் அடிக்கும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேக்கின் ரேகையைக் காட்டுவதற்காகத்தான் அந்தத் தச்சர் அவ்வளவு இழைத்திருக்கிறார்.

உள்ளே பொருத்த எந்தப் பலகை நல்லது?

ஹார்டுபோர்டும், மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் விலை மலிவு. நம் கரைக்கு ஆகாது, ஓரத்தில் ஈரம் ஏறி ரொட்டிபோல் உப்பிவிடும். பிளைவுட் வாங்குங்கள். சாதாரண பிளைவுட்டுக்கான தர எண் ஐ.எஸ். 303, நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. பலகையின்மேலேயே முத்திரை அச்சிட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். தச்சுப் பட்டறையில் அலமாரி செய்து மிஞ்சிய துண்டு கேட்டால் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். சிறிய சட்டத்துக்கு 4 மில்லிமீட்டர், இரண்டடிக்கு மேற்பட்டதற்கு 6 மில்லிமீட்டர் கனம் சரியாக இருக்கும்.

பள்ளத்தின் அளவைவிட எல்லாப் பக்கத்திலும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைத்து வெட்டச் சொல்லுங்கள். பெயின்ட்டின் கனத்துக்கும் ஈரத்தில் மரம் விரிவதற்கும் அந்த இடைவெளி வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் அனைத்துக்கும் பிரைமர் அடியுங்கள். பின்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விடுகிற பலகைதான் வளைகிறது. ஒரு பக்கம் ஈரம் குடித்து மறுபக்கம் குடிக்காவிட்டால் பலகை எப்படி நேராக நிற்கும்?

கடையில் விற்கும் கரும்பலகை பெயின்ட்டா, வீட்டில் கலப்பதா?

இரண்டும் நன்றாகவே வரும். ஹார்டுவேர் கடைகளில் பள்ளிக்கூடங்களுக்காக விற்கும் கரும்பலகை பெயின்ட் பெரும்பாலும் எண்ணெய் வகை. டர்பன்டைன் கலந்து அடிக்க வேண்டும், வாடை அதிகம், காய நேரமாகும், ஆனால் உழைக்கும். கடலைப் பார்த்த சுவருக்கும் வெளித்திண்ணைக்கும் அதையே சொல்வேன்.

வீட்டுக்குள் மாட்டவும், கறுப்பைத் தவிர வேறு நிறம் வேண்டும் என்பவர்களுக்கும் வீட்டுக் கலவை. பளபளப்பு இல்லாத எமல்ஷன் பெயின்ட் ஒரு கோப்பைக்கு, டைல்ஸ் இடுக்கு நிரப்பும் கிரவுட் (grout) பொடி இரண்டு மேசைக்கரண்டி. மணல் கலக்காத கிரவுட் என்று கேட்டு வாங்குங்கள். பொடி எதற்கென்றால், சாக்பீஸ் தேய்ந்து தூள் உதிர ஒரு மெல்லிய சொரசொரப்பு வேண்டும். வெறும் பெயின்ட்மேல் சாக்பீஸ் வழுக்கும். கட்டியில்லாமல் கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். கிரவுட் இறுகும் தன்மை கொண்டது, ஆகவே ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மிச்சத்தை மூடி வைத்து மறுநாள் பயன்படுத்த முடியாது. இதற்கும் உவர்நீர் சேர்க்காதீர்கள்.

அடர் பச்சையும் ஆழ்கடலில் தெரியும் கருநீலமும் தேக்குச் சட்டத்துக்கு மிக எடுப்பாக இருக்கின்றன. வெளிர் நிறங்கள் வேண்டாம், வெள்ளை எழுத்து தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பூசினோமே, அது போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஐம்பது வயதுக்காரர் இல்லை. ஊமத்தை இலை அல்லது கோவை இலையைப் பறித்துவந்து, அடுப்புக்கரியோடு அரைத்து, துணியில் தொட்டுப் பலகை முழுக்கப் பூசியதும், காயும்வரை மரத்தடியில் வகுப்பு நடந்ததும் பல ஊர்களின் நினைவு. கரி கறுப்பைக் கொடுத்தது, இலைச்சாறு அதைப் பிடித்துவைத்தது. தண்ணீர் பட்டால் போய்விடும் பூச்சு அது. அதனால்தான் மறுபடி மறுபடி பூச வேண்டியிருந்தது.

வீட்டுச் சுவரில் மாட்டும் பலகைக்கு அது நிற்காது, கையிலும் சட்டையிலும் ஒட்டும். விழாவுக்கு ஒரு நாள் வைப்பதென்றால் கோவை இலையைப் பயன்படுத்துங்கள். ஊமத்தையைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். அதில் அட்ரோபின், ஸ்கோபொலமின் என்ற நஞ்சுகள் உள்ளன. சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் பாவை விரிந்து பார்வை மங்கும், வாயில் பட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டிவரும்.

கரியை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை. நன்றாக இடித்து, மெல்லிய துணியில் சலித்த கரித்தூளைப் பளபளப்பில்லாத எமல்ஷனில் சேர்த்தால் கடைக் கறுப்பைவிட ஆழமான, மென்மையான கறுப்பு வருகிறது. நிறத்துக்காக மட்டும் சேர்ப்பது, கிரவுட் பொடியும் வேண்டும்.

எந்த மாதத்தில் பெயின்ட் அடிக்கலாம்?

மாசி, பங்குனி சிறந்தவை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்த்துவிடுங்கள். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது எந்தப் பெயின்ட்டும் ஒழுங்காகக் காயாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொல்லை மணல். ஈரப் பெயின்ட்டில் மணல் ஒட்டினால் எடுக்க முடியாது. அப்போது செய்தே ஆகவேண்டும் என்றால் ஜன்னலைச் சாத்திய அறைக்குள் செய்யுங்கள்.

நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி மாலை மூன்றுக்குள் முடிப்பது நல்லது. விடியலில் இறங்கிய ஈரம் அதற்குள் போயிருக்கும், சாயங்கால ஈரம் வருமுன் மேற்பரப்பு காய்ந்திருக்கும்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக் குடும்பங்களில் வீட்டு வேலைகளுக்குக் கை கிடைக்கிறது. படகுக்கு வண்ணம் பூசி மிஞ்சிய பெயின்ட்டைச் சட்டத்தின் ஓரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். சட்டத்துக்குத் தாராளமாக அடியுங்கள், கடலைத் தாங்கும் பெயின்ட் வீட்டுச் சுவரில் எத்தனையோ காலம் நிற்கும். எழுதும் பரப்பில் மட்டும் வேண்டாம், அது பளபளப்பானது.

எத்தனை கை அடிக்க வேண்டும்?

பிரைமருக்குமேல் இரண்டு, முடிந்தால் மூன்று. பிரஷைவிடச் சிறிய ஸ்பாஞ்ச் ரோலர் நல்லது, கோடு விழாது. முதல் கையைக் குறுக்காகவும் அடுத்ததை நெடுக்காகவும் இழுங்கள். நடுவில் 220 எண் உப்புத்தாளால் இலேசாக நீவித் துடையுங்கள். எமல்ஷன் கலவைக்கு இரண்டு கைக்கும் நடுவே நான்கு மணி நேரம், எண்ணெய்ப் பெயின்ட்டுக்கு ஓர் இரவு.

காய்ந்ததும் எழுதலாமா?

கூடாது. தொட்டால் ஒட்டாதது வேறு, உள்ளே இறுகுவது வேறு. குறைந்தது மூன்று நாள் விடுங்கள். ஈரமான காலமென்றால் ஒரு வாரம்.

அதன்பிறகு ஒரு வேலை இருக்கிறது, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு முழு வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்க, ஓர் இடம் விடாமல் தேயுங்கள். பலகை சாம்பல் நிறமாக மாறும். உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். பெயின்ட்டின் நுண்துளைகளில் சாக்பீஸ் தூள் போய் உட்காரும். இப்படிப் பழக்காத பலகையில் முதலில் எழுதிய எழுத்து அந்தத் துளைகளில் ஏறிக்கொண்டு, எத்தனை அழித்தாலும் நிழல்போல் நிற்கும்.

இவ்வளவுக்குப் பதில் உண்மையான சிலேட்டையே சட்டத்தில் பொருத்தலாமே?

கிடைத்தால் பொருத்துங்கள், அதைவிடச் சிறந்த எழுதும் பரப்பு கிடையாது. ஆந்திராவின் மார்க்காபூர்ப் பகுதி கற்சிலேட்டுக்குப் பெயர்போனது. கல் கனமானது, பெரிய அளவில் உடையாமல் கொண்டுவருவது கடினம். ஒரு சிலேட்டளவுள்ள சிறிய சட்டத்துக்குத்தான் இது பொருந்தும்.

துடைத்த பிறகு பலகையில் வெள்ளையாகப் பூத்துக்கொள்கிறது. ஏன்?

நீங்கள் துடைத்த தண்ணீரில் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். முதலில் உலர்ந்த துணி, பிறகு குடிநீரில் நனைத்துப் பிழிந்த துணி, கடைசியில் மறுபடி உலர்ந்த துணி. ஏற்கனவே பூத்திருந்தால் கொஞ்சம் வினிகர் கலந்த நீரில் துடைத்து, அதன்மேல் நல்ல நீரில் ஒருமுறை துடையுங்கள்.

சாக்பீஸ் நமத்துப்போகிறது. சாக் மார்க்கர் வாங்கலாமா?

சாக்பீஸை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், மழைக்காலத்தில் உள்ளே ஒரு கைப்பிடி அரிசியைத் துணியில் முடிந்து போடுங்கள். நமத்ததை வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தால் திரும்பிவிடும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது, ஈரத்தில் மென்மையாகும்.

மார்க்கர் அழகாக எழுதும், கையில் ஒட்டாது. பெயின்ட் அடித்த பலகையில் சிலசமயம் அழியாது. ஓரத்தில் எழுதி ஒரு நாள் விட்டு அழித்துப் பார்த்த பிறகே நடுவில் எழுதுங்கள். மாதக்கணக்கில் அழிக்கத் தேவையில்லாத ஓர அலங்காரத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சாக்பீஸைச் சர்க்கரை கரைத்த நீரில் சில நிமிடம் ஊறவைத்து ஈரத்தோடு வரையுங்கள். நிறம் தூக்கலாக இருக்கும், எளிதில் உதிராது. எறும்பு வரும் சமையலறையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

எழுத்து அழகாக வர என்ன செய்வது?

முதலில் அளவு. மூன்று மீட்டர் தள்ளி நின்று படிக்க இரண்டரை சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பது பெயர்ப்பலகை எழுதுபவர்களின் பொதுக் கணக்கு. தமிழுக்கு அதைவிடக் கூட்டியே வையுங்கள். ண, ணை, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் சின்ன அளவில் ஒன்றோடொன்று அடைந்துவிடும். அடுத்தது இடம். ‘தேங்காய்ப்பால்’ என்ற ஒரு சொல்லே பலகையின் பாதியைப் பிடிக்கும். எழுதுவதற்குமுன் எழுத்துகளை எண்ணி, நூலில் சாக்பீஸ் தேய்த்து, இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தச்சர்கள் பலகையில் கோடு போடுவது இப்படித்தான்.

மண்டபத்தில் மீன் விற்பவர் ‘சீலா, பாறை, விளைமீன், கணவாய்’ என்ற நான்கு பெயர்களை நிரந்தரமாகப் பெயின்ட்டில் எழுதிவிட்டு, விலையை மட்டும் சாக்பீஸில் எழுதினால் தினமும் அரை நிமிட வேலை. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று விற்பவருக்கும், கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பு விற்பவருக்கும் இதையே சொல்வேன். வீட்டுக்கென்றால் ஓரங்களில் கோலம் போடுங்கள். புள்ளி வைத்துக் கம்பிக்கோலம் இழுக்கத் தெரிந்த கைக்கு வேறு அலங்காரப் பயிற்சி எதற்கு? அம்மாவையும் அத்தையையும் கூப்பிட்டு ஒரு மூலையைக் கொடுங்கள். சுவரில் நின்று வரைவதற்கு முதலில் தயங்குவார்கள், பிறகு சாக்பீஸைத் திருப்பித் தர மாட்டார்கள்.

சங்கு, சிப்பி, பவளம் ஒட்டி அலங்கரிக்கலாமா?

பவளம் கூடவே கூடாது. பவளப்பாறைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. கடல்குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. சங்கு, சிப்பி வகைகளிலும் பல அந்தப் பட்டியலில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து செத்த சிப்பியைக்கூட எடுத்துவரக் கூடாது. காலிச் சிப்பிக்குள் துறவி நண்டு குடியிருக்கும், சிப்பி உடைந்து மணலாகும். அவை கடலிலேயே இருக்கட்டும்.

பனை நம்மிடம் நிறைய இருக்கிறது. சாயல்குடி பக்கம் பின்னும் ஓலைக் கொட்டான் ஒன்றைச் சட்டத்தின் கீழ்மூலையில் தொங்கவிட்டால் சாக்பீஸும் துணியும் வைக்க அருமையான இடம். கிழிந்து ஒதுக்கிய வலைத்துண்டை நல்ல தண்ணீரில் அலசி ஓரத்தில் கட்டலாம். முண்டு மிளகாய்ச் சரம் தொங்கவிட்ட ஒரு சமையலறைப் பலகை பார்க்க மிக அழகாக இருந்தது. மிளகாய்க்கு மட்டும் அடிக்கடி வெயில் காட்ட வேண்டும்.

காந்தம் ஒட்டும்படி உள்ளே தகரம் வைக்கலாமா?

கடலோரத்தில் வேண்டாம். வெட்டிய ஓரத்தில் துரு தொடங்கிவிடும்.

எப்படி மாட்டுவது?

இரும்பு ஆணியையும் இரும்புக் கொக்கியையும் மறந்துவிடுங்கள். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ சில ரூபாய்தான் கூடுதல். சட்டத்தின் முதுகில் பழைய துருப்பிடித்த ஆணிகள் இருந்தால் குறட்டால் பிடுங்கி, துளையை லப்பத்தால் அடைத்துவிட்டு வேறு இடத்தில் புது ஸ்க்ரூ போடுங்கள். துருவேறிய துளையில் புது ஸ்க்ரூ பிடிக்காது.

கட்டுவதற்கு முறுக்கிய நைலான் கயிறு நல்லது. தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் அதைக் கேட்கிறார்கள். கனமான தேக்குச் சட்டத்துக்கு அது இழுபடும், முடிச்சும் வழுக்கும்.

சுவரையும் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் பவளக்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர்கள் இன்னும் இருக்கின்றன. தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்களில் அந்தக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய சுவரில் சுத்தியலால் ஆணி அடித்தால் கல் பொடிந்து ஆணி ஆடும். துளைக்கருவியால் மெதுவாகத் துளையிட்டு, நீளமான பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள். சட்டத்தின் முதுகில் நான்கு மூலையிலும் ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று போய்வரும், சுவரின் ஈரம் பலகைக்கு ஏறாது.

கடலைப் பார்த்த வாசற்சுவரைவிட உள்கூடம் நல்லது. கடைக்காரர்கள் வெளியே மாட்டித்தான் ஆக வேண்டும். அவர்கள் இரவில் கழற்றி உள்ளே வைப்பதும், வாரம் ஒருமுறை சட்டத்தையும் சேர்த்து நல்ல தண்ணீர்த் துணியால் துடைப்பதும் போதும்.

ஏற்கனவே செய்த பலகை கொப்புளம் விட்டுவிட்டது. காப்பாற்றலாமா?

காப்பாற்றலாம். கொப்புளத்தின்மேலேயே இன்னொரு கை அடிக்காதீர்கள், அதுவும் சேர்ந்து உரியும். பெயின்ட் அண்மையில் அடித்ததென்றால் தட்டையான கத்தியால் கொப்புளங்களை எடுத்து, ஓரங்களை 120 எண் உப்புத்தாளால் சமமாகும்வரை நனைத்துத் தேயுங்கள். குடிநீரில் துடையுங்கள், துணி காய்ந்ததும் வெள்ளைத் தடம் விழாத வரை. இரண்டு நாள் காயட்டும். பிரைமர், பிறகு இரண்டு கை கறுப்பு, மூன்று நாள், சாக்பீஸ் தேய்ப்பு. பிளைவுட்டின் அடுக்குகளே பிரிந்திருந்தால் பலகையை மட்டும் மாற்றிவிடுங்கள். சட்டத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.